பல் வரிசை நேரானால் ரெய்டு வேகமாகுமா?

தை பிறந்துவிட்டால் தாமிரபரணிக் கரை ஊர்களில் மின்னொளிக் கபடி களைகட்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை, அறுவடை முடிந்த வயலோ கோயில் திடலோ, எங்கே இடம் கிடைத்தாலும் கோடு போட்டு விளக்கு கட்டிவிடுவார்கள். அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் வந்தது இந்த ஆற்றுப் பாசனத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்துதான். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் வெளியான 'பைசன்' படத்துக்குப் பிறகு, பிள்ளைகளைக் கபடிக்கு அனுப்பும் ஆசை பல வீடுகளில் கூடியிருக்கிறது.

ஆசை கூடினால் கேள்விகளும் கூடும். ஷூ எது, புரதப் பவுடர் தேவையா, முட்டை எத்தனை என்ற வரிசையில் இப்போது பல்லும் சேர்ந்துகொண்டது. 'பல் வரிசை சரியில்லை என்றால் உடம்பின் பேலன்ஸ் போய்விடும்', 'இந்த மவுத் கார்டைக் கடித்துக்கொண்டு ஆடினால் பலம் கூடும்' என்று சொல்லும் வீடியோக்கள் பெற்றோரின் செல்போன்களில் சுற்றுகின்றன. பையனுக்கோ பெண்ணுக்கோ எத்துப்பல் இருந்தால் கேட்கவே வேண்டாம். கிளிப் போட்டால் ஆட்டம் தேறுமா என்ற யோசனை உடனே வந்துவிடுகிறது.

இதில் எவ்வளவு உண்மை?

கடி என்றால் என்ன?

வாயை மூடும்போது மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விதத்தைத்தான் பல் டாக்டர்கள் 'கடி' என்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் இதை மூன்று வகையாகப் பிரித்தார். கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்துவது முதல் வகை. கீழ்த்தாடை பின்வாங்கி இருப்பது இரண்டாவது. நாம் எத்துப்பல் என்று சொல்வதில் பெரும்பகுதி இதற்குள் வரும். கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது. இன்றும் உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் இந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு மூட்டு அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. பல்லை இறுகக் கடிக்கும்போது கன்னத்தில் புடைக்கும் தசை, உடம்பில் உள்ள பலமான தசைகளில் ஒன்று. கடிக்கும்போது கழுத்துத் தசைகளும் சேர்ந்து இறுகும். எனவே, கடிக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற எண்ணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் டாக்டர் தட்டினால் கால் தானாக உதறும். சிலருக்கு அந்த உதறல் சரியாக வராது. அப்போது, "ரெண்டு கையையும் கோத்து வெளியே இழுங்க, பல்லை இறுகக் கடிங்க" என்று டாக்டர் சொல்வார். உடனே உதறல் நன்றாக வரும். ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராசிக் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடித்த உத்தி இது. உடம்பின் ஓரிடத்தில் தசையை இறுக்கினால், வேறோர் இடத்தில் நரம்பின் வேகம் தற்காலிகமாகக் கூடுகிறது. பளுதூக்குபவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னாலும் இதே சங்கதி ஓரளவு இருக்கிறது.

இந்த இடத்திலிருந்துதான் வியாபாரம் ஒரு தாவு தாவியது. கீழ்த்தாடையைச் 'சரியான' இடத்தில் நிறுத்தினால் பலம் கூடும் என்று சொல்லி, 1970-களின் கடைசியிலும் 80-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் கடைவாய்ப் பல்மேல் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் சாதனம் பரவியது. அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பலர் அதைப் போட்டுக்கொண்டார்கள். 'கையில் பலம் கூடிவிட்டது' என்றும் சொன்னார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிலருக்கு உண்மையான சாதனத்தையும், சிலருக்கு அதே மாதிரி தெரியும் போலிச் சாதனத்தையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது வீரர்களுக்குத் தெரியாது. அளந்து பார்த்தால் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலம் தந்ததாக வீரர்கள் நினைத்தது, பெரும்பாலும் அவர்கள் வைத்த நம்பிக்கை தந்த பலம்தான்.

அதற்குப் பிறகும் ஆராய்ச்சி நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தால் காலின் உந்துவிசை கொஞ்சம் வேகமாக எழுகிறது என்று சில ஆய்வுகள் காட்டின. ஆனால், அது கடிப்பதால் வரும் பலன். கோணல் பல் வரிசை உள்ளவரும் கடிக்கலாம். பார்சிலோனா, இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆடும் பலகைமேல் ஆட்களை நிறுத்திப் பார்த்தார்கள். தரை உறுதியாக இருந்தபோது கடியால் பெரிய மாற்றம் இல்லை. பலகை ஆடும்போதும், ஆள் களைத்திருக்கும்போதும் கடி சரியாக இருப்பவர்களின் சமநிலை சற்று மேலாக இருந்தது. அவர்கள் அளந்தது சமநிலையை மட்டும்தான். கடி சரியானால் ரெய்டில் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் பட் வின்ட்டர், தன் வீரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது 'தாடையைத் தளர்த்து, கையைத் தளர்த்து' என்பதுதான். 100 மீட்டர் பந்தயத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், முன்னணி வீரர்களின் கன்னம் தளர்ந்து குலுங்குவது தெரியும். பளுதூக்குபவருக்குக் கடிப்பது உதவுகிறது. ஓடுபவருக்குத் தாடையைத் தளரவிடுவது உதவுகிறது. எல்லா ஆட்டத்துக்கும் பலம் தரும் ஒரே 'சரியான கடி' எப்படி இருக்க முடியும்?

கால்பந்து ரசிகர்களுக்கு இவ்வளவு விளக்கம்கூடத் தேவையில்லை. ரொனால்டினோவின் சிரிப்பை நினைத்தால் போதும். மேல்வரிசைப் பல் எடுப்பாகத் தெரியும் அந்த முகத்தோடுதான் 2002-ல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் ஆடினார். 2005-ல் உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதையும் வாங்கினார்.

வாய் ஆட்டத்தைக் கெடுக்கும் வழி

அப்படியானால் பல்லுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால், அது நாம் தேடும் இடத்தில் இல்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது 25 நாடுகளைச் சேர்ந்த 302 வீரர்களின் வாயைச் சோதித்தார்கள். பாதிக்கு மேல், அதாவது 55 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 45 சதவீதம் பேருக்கு அமிலத்தால் பல்லின் மேற்பூச்சு அரித்திருந்தது. 76 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கம். பல் தொல்லையால் தங்கள் பயிற்சியோ ஆட்டமோ பாதிக்கப்பட்டதாக 18 சதவீதம் பேர் சொன்னார்கள். உலகத்தின் மிகச் சிறந்த உடல்கள் கூடிய இடத்தில் ஐந்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்த நிலை.

பார்சிலோனா கால்பந்து கிளப்பின் 30 வீரர்களைச் சோதித்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பல்லில் அழுக்குப் படிவம் அதிகம் இருந்தவர்களுக்குத் தசைக் காயங்களும் அதிகமாக இருந்தன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், ஈற்றில் இருக்கும் நாள்பட்ட அழற்சி வாயோடு நின்றுவிடுவதில்லை என்பதை மருத்துவம் ஏற்கிறது.

நம்மூர்க் கணக்கில் இதைப் பார்ப்போம். நாளைக்கு மாவட்டத் தேர்வுப் போட்டி, இரவில் கடைவாய்ப்பல் குடைகிறது. கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு படுத்தால் தூக்கம் வருமா? காலையில் இட்லியை மெல்ல முடியுமா? தூங்காமல் சாப்பிடாமல் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்தில் போய் நிற்கும் பிள்ளைக்கு, பல் வரிசை எவ்வளவு நேராக இருந்து என்ன பயன்? கல்லூரி அணியில் ஆடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை ஞானப்பல். 17 வயதிலிருந்து 25 வயதுக்குள், ஆட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் அது முளைக்க இடம் தேடி ஈற்றைப் புண்ணாக்கும்.

பயிற்சிக்கு நடுவே கலர், சோடா, எனர்ஜி டிரிங்க் என்று மாற்றி மாற்றி உறிஞ்சுவதும் பல்லுக்குப் பகைதான். வியர்த்து வாய் உலர்ந்திருக்கும்போது எச்சில் குறைவு. அமிலத்தையும் சர்க்கரையையும் கழுவிவிட ஆள் இல்லாத நேரம் அது. நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அதைக் குடித்த பிறகும் தண்ணீரால் வாயைக் கொப்பளிப்பது நல்லது.

எத்துப்பல்லின் உண்மையான ஆபத்து

பல் வரிசைக்கும் விளையாட்டுக்கும் உறுதியான தொடர்பு ஒன்று உண்டென்றால், அது அடிபடுவதில்தான் இருக்கிறது. மேல் முன்பல், கீழ் முன்பல்லைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பல்லில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1999-ல் சொன்ன கணக்கு இது. உதடு மூடாமல் பல் வெளியே நிற்பதால், விழும் அடியைத் தாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை.

கபடியில் அடி எப்படி விழும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். பாடி வந்தவரின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்பவரின் முகமும் பிடிபட்டவரின் முழங்காலும் ஒரே உயரத்தில் சந்திக்கும். பிடிபட்டவர் கோட்டைத் தொட எட்டி விழும்போது முதலில் தரையைத் தொடுவது பல நேரம் மோவாய்தான். மெத்தை விரித்த தளத்தில் ஆடினால் பரவாயில்லை. வயல் மண்ணில் விழுந்தால்?

முன்பல் போவது சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். 2002 ஆன்டிகுவா டெஸ்டில் தாடை உடைந்த அனில் கும்ப்ளே, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்திய படம் நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால், அந்தப் படத்தையே பாடமாக எடுத்துக்கொண்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடரும் பிள்ளைக்குக் கை தட்டுகிறோம். 14 வயதில் நிலைப்பல் போனால், தாடை வளர்ச்சி முடியும்வரை, அதாவது குறைந்தது 18 வயது வரையாவது, நிரந்தர இம்ப்ளான்ட் வைக்க முடியாது. அதற்குள் அந்த இடத்தின் எலும்பும் கரையும். இதற்கிடையில் வீட்டில் 'இனி ஆட வேண்டாம்' என்ற முடிவு வந்துவிடும். பெண் பிள்ளை என்றால் அந்த முடிவு இன்னும் சீக்கிரம் வரும். பல் வரிசையால் ஓர் ஆட்டக்காரரை ஊர் இழக்குமானால், பெரும்பாலும் இந்த வழியில்தான் இழக்கும்.

எனவே கிளிப் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: போடலாம், ஆனால் வேகத்துக்காக வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல்லைச் சிறு வயதிலேயே உள்ளே கொண்டுவந்தால் அடிபடுவது குறைகிறது என்று காக்ரேன் அமைப்பு தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. மெல்லச் சிரமம், தாடை மூட்டில் வலி, கன்னத்தைக் கடித்துக்கொள்வது, பிள்ளைக்குச் சிரிக்கவே கூச்சம் என்பவையும் நியாயமான காரணங்கள். ரெய்டு வேகமாகும் என்பதற்காகக் கடன் வாங்கிக் கிளிப் போட வேண்டியதில்லை.

பாடிக்கொண்டே கடிக்க முடியுமா?

மவுத் கார்டு பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1890-ல் லண்டன் பல் டாக்டர் உல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்களின் உதடு கிழியாமல் இருக்க கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலில் பட்டை செய்து பல்லில் ஒட்டினார். ரூட் கேனால் சிகிச்சையில் பல்லின் உள்ளே நிரப்புவதும் இதே கட்டாபெர்ச்சாவைத்தான். இன்று குத்துச்சண்டையில் மவுத் கார்டு கட்டாயம். ஹாக்கியில் வாய்க்கவசம் அணியச் சர்வதேச விதி பரிந்துரைக்கிறது. அணியாதவர்களுக்கு வாயிலும் முகத்திலும் அடிபடும் ஆபத்து 1.6 முதல் 1.9 மடங்கு அதிகம் என்று 2007-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. பலம் கூட்டும் என்ற விளம்பரத்தை மறந்துவிட்டு, பல்லைக் காக்கும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்க வேண்டிய பொருள் இது.

கபடியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று நடுவர் காதில் விழும்படி விடாமல் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் தடித்த கார்டை மாட்டினால் வார்த்தை குழறும், மூச்சும் முட்டும். அதனால்தான் பிள்ளைகள் இரண்டாம் நாளே கழற்றி எறிகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து அச்சு எடுத்துக்கொள்ளும் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைவிட நல்லது, பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்வது. விலை கூடுதல்தான், ஆனால் மெல்லியதாகப் பல்லோடு ஒட்டி நிற்கும், பேச்சும் தெளிவாக வரும். எது வாங்கினாலும் போட்டி அன்று முதன்முதலாக மாட்டக் கூடாது. இரண்டு வாரம் பயிற்சியில் மாட்டிப் பாடிப் பழக வேண்டும். கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பிக்கு இடம் விட்டுச் செய்த தனி வகை தேவை. வளரும் பிள்ளைகளுக்குப் பல் இடம் மாறுவதால் அளவையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

பல் கழன்று விழுந்தால் அந்த ஒரு மணி நேரம்

ஒவ்வொரு கபடிக் குழுவும், ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியரும், ஒவ்வொரு வீடும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. முழுதாகக் கழன்று விழுந்த நிலைப்பல்லை மீண்டும் அதே குழியில் நட முடியும். வேரின்மேல் இருக்கும் உயிரணுக்கள் காய்ந்து சாவதற்கு முன்னால் செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் அவை பெரும்பாலும் பிழைக்காது.

* பல்லைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது.
* மண் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ, அடிபட்டவரின் எச்சிலிலோ மெதுவாக அலசுங்கள். சோப்பு, டெட்டால் வேண்டாம்.
* அடிபட்டவர் தெளிவாக இருந்தால் உடனே பல்லை அதே குழியில் பொருத்தி, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள்.
* பொருத்தத் தைரியம் இல்லையென்றால் பாலில் போடுங்கள். மைதானத்துக்கு எதிரே டீக்கடை இருக்கும். கொதித்த பால் ஆகாது, பிரிக்காத பாக்கெட் பாலைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையென்றால், அடிபட்டவரை ஒரு டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பதுதான் மிக மோசமான வழி.
* நேராகப் பல் டாக்டரிடம் போங்கள். டி.டி. ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.
* விழுந்தது பால்பல் என்றால் மீண்டும் நடக் கூடாது. அதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.
* மயக்கம், வாந்தி, வாயை மூடும்போது கடி மாறியதுபோல் உணர்வு இருந்தால் பல்லைப் பிறகு பார்க்கலாம். தலையிலோ தாடை எலும்பிலோ அடி இருக்கலாம். முதலில் மருத்துவமனை.

சீசனுக்கு முன் ஒரு நாள்

இதற்கெல்லாம் பெரிய செலவு தேவையில்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு. தெற்கே காவல்கிணற்றில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பொதுவாகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு.

சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போது பிள்ளையை ஒருமுறை காட்டுங்கள். சொத்தை இருந்தால் அப்போதே அடைத்துவிடலாம். ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால், புண் ஆறவும் நேரம் கிடைக்கும். முன்பல் எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளிப் வேண்டுமா, மவுத் கார்டு போதுமா என்பதை அந்த அளவை வைத்து டாக்டரே சொல்வார்.

ரெய்டின் வேகம் காலிலும் மூச்சிலும் பயிற்சியிலும்தான் இருக்கிறது. அதைப் பல்லில் தேட வேண்டாம். அதே நேரம், மைதானத்துக்குப் போகும் பையில் முழங்கால் பட்டைக்குப் பக்கத்தில் மவுத் கார்டுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்க் குழுவின் முதலுதவிப் பெட்டி மூடியில் 'பல் விழுந்தால் பாலில் போடு' என்று இந்த வாரமே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.